பாஸ்வேர்டு நோட்டு பீரோவில் இருக்கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். 'கடவுச்சொல்' என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுதினால் "டீச்சர் தமிழ்ப் பாடம் எடுக்க வந்துட்டாங்க" என்று பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவீர்கள். அதனால் பாஸ்வேர்டு என்றே எழுதுகிறேன்.

போன ஆடியில் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நல்ல சாரல். இலஞ்சியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு மதுரையிலிருந்து விருந்தாள் வந்திருந்தார்கள். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் கணக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, பேரருவியில் நிற்க இடமில்லை என்று ஐந்தருவிக்குப் போயிருக்கிறார்கள். தம்பி போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு அருவிக்குள் போயிருக்கிறான். வெளியே வரும்போது வேட்டி இருந்தது, போன் இல்லை. தண்ணீர் கொண்டு போனதா, ஆள் கொண்டு போனானா, இன்றுவரை தெரியாது.

போன் போனால் போகட்டும், பதினைந்தாயிரம் ரூபாய் என்று விட்டுவிடலாம். ஆனால் அவன் மகளுக்கு அப்போது இன்ஜினீயரிங் கவுன்சலிங் நடந்துகொண்டிருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று ஆன்லைனில் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பதிவுக்கு மறுநாள், திங்கள் சாயங்காலம்தான் கடைசி. "அவசரப்படாதே, மாமா எல்லாரும் வந்து போகட்டும், நாளைக்கு நிதானமா உட்கார்ந்து போடலாம்" என்று சொன்னவன் தம்பிதான். பிள்ளை ஒரு வாரமாக அரைக்குயர் நோட்டில் கல்லூரிப் பெயர்களை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். பட்டியல் தயார். உள்ளே நுழையப் பாஸ்வேர்டு இல்லை.

"எங்கேடா எழுதி வச்ச?" என்று கேட்டேன்.

"எல்லாம் போன்லதான்க்கா இருக்கு. சென்டர்ல ஒரு சீட்டு குடுத்தாங்க. அத போட்டோ புடிச்சி வச்சேன்."

"சீட்டு?"

"போட்டோதான் இருக்கேன்னு கிழிச்சிப் போட்டுட்டேன்க்கா."

பிளஸ் டூ முடிகிற வரை பிள்ளைக்குப் போன் கிடையாது என்று தம்பி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அதனால் விண்ணப்பத்தில் கொடுத்த மொபைல் எண் அவனுடையது. மின்னஞ்சல் அவன் போனில் மட்டும்தான் திறந்திருந்தது. அதன் பாஸ்வேர்டு என்ன என்று அப்பனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஈரத் தலையோடு தென்காசிக்கு ஓடி, ஆதாரைக் காட்டிப் பழைய எண்ணிலேயே புது சிம் வாங்கிவந்தான். கைமாற்றாக என் போனில் போட்டோம். அழைப்பு வந்தது. ஓடிபி வரவில்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்பது 2022-ல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த விதி. நம் எண்ணில் வேறொருவன் சிம் வாங்கிப் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விதிதான். ஆனால் எங்களுக்கு அந்த 24 மணி நேரம் முடியும்போது விருப்பப் பதிவும் முடிந்திருக்கும்.

அன்று ராத்திரி அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை. யாரையும் குறைசொல்லவும் இல்லை. அரைக்குயர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரர் அன்று ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். திங்கள் காலை அவர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். அவர் பதறவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் தேடுவார் என்று பார்த்தால், ஒரு லாங்சைஸ் நோட்டை எடுத்தார். பெயர், பிறந்த தேதி, மொபைல், மின்னஞ்சல், பாஸ்வேர்டு என்று கோடு போட்டு எழுதியிருந்தது. எச்சில் தொட்டு நாலு பக்கம் புரட்டினார். "இந்தா இருக்குல்லா" என்றார். பத்து நிமிஷத்தில் பிள்ளை உள்ளே போய்விட்டாள். அங்கேயே உட்கார்ந்து பட்டியலைப் போட்டு முடித்தாள். இப்போது கல்லூரியில் இருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள்.

நான் அந்தச் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைக் காப்பாற்றியது அதுதான். ஒரு நோட்டில், பேனாவால், ஒருவர் எழுதி வைத்ததால் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அதே நேரத்தில், என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் எத்தனை பேர் பெயர் அதில் இருந்தது தெரியுமா? டீ கிளாஸுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. மின்னஞ்சல் எல்லாம் அவரே உண்டாக்கிக் கொடுத்தவை. பாஸ்வேர்டும் அவரே வைத்தது. பிள்ளையின் பெயர், பின்னால் 123. பெயரைத் தெரிந்தவனுக்கு நோட்டுகூட வேண்டாம். அவர் நாணயமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் என்னைப் போல எத்தனை பேர் காத்திருப்பார்கள்? யாராவது ஒருவர் நினைத்தால், கடைசி நாள் மதியம் ஒரு பிள்ளையின் விருப்பப் பட்டியலைத் தலைகீழாக மாற்றி வைத்துவிட முடியும்.

அன்றையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டு நல்லது. அது யாருடைய நோட்டு, எங்கே இருக்கிறது, அதில் எதை எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீட்டில் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள் என்பது என் கருத்து. இதைச் சொன்னவுடன் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மருமக்களும் மாணவர்களும் தலையில் அடித்துக்கொள்வார்கள். "அத்தை, எழுதி வைக்கவே கூடாதுன்னுதான் ஆபீஸ்ல முதல் நாளே சொல்வாங்க" என்று ஒருத்தன் போனிலேயே சண்டைக்கு வந்தான். ஐயா, ஆபீஸ் வேறு, வீடு வேறு. ஆபீஸில் உன் மேஜையைக் கடந்து நூறு பேர் போகிறார்கள். என் பீரோவைத் திறக்க என் வீட்டுக்குள் வந்து, படுக்கையறைக்குள் போய், சாவியைத் தேட வேண்டும். பணத்தைப் பறிக்க நினைக்கிறவன் எங்கோ வெளி மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு வலை வீசுகிறான். அவன் கை போனுக்குள் நீளும், கம்ப்யூட்டருக்குள் நீளும். தென்காசியில் என் பீரோவுக்குள் நீளாது.

இது என் சொந்தச் சரக்கு மட்டுமில்லை. கணினிப் பாதுகாப்பில் உலகம் முழுவதும் மதிக்கப்படும் புரூஸ் ஷ்னையர் என்ற அமெரிக்கர் 2005-லேயே இதை எழுதிவிட்டார். மனப்பாடம் செய்ய முடிகிற பாஸ்வேர்டு எளிதாக உடைந்துவிடும். கடினமானதாக வைத்துத் தாளில் எழுதி, ரூபாய் நோட்டைப் பாதுகாக்கிற மாதிரி பர்ஸில் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. தாளைப் பாதுகாக்க நமக்குத் தெரியும். பத்திரத்தையும் பட்டாவையும் எத்தனை தலைமுறையாகப் பாதுகாத்து வந்திருக்கிறோம்! அப்பா காலத்து வில்லங்கச் சான்று இன்னும் என்னிடம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தைய போனில் இருந்த பேத்தி போட்டோ ஒன்றுகூட இல்லை.

பாஸ்வேர்டு பிறந்த கதையே வேடிக்கையானது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்று அதில் ஏற்பாடு செய்தது பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அந்தக் கம்ப்யூட்டரையே அச்சடித்துத் தர வைத்தார். எழுதி வைத்த சீட்டு களவு போகவில்லை. கம்ப்யூட்டருக்குள் மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்த கோப்புதான் களவு போனது. குறும்புக்கார மாணவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். எட்டாம் வகுப்பு கடைசிப் பெஞ்சுக்காரர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

சரி, எதில் வைக்கக் கூடாது? முதலில் போன் கேலரியில். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், ஏடிஎம் அட்டை முன்பக்கம் பின்பக்கம், பாஸ்வேர்டுச் சீட்டு, எல்லாம் பேரன் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் கிடக்கும். கேலரியைப் பார்க்க அனுமதி கேட்கிற ஒவ்வொரு செயலிக்கும் "சரி சரி" என்று அமுக்கி விடுகிறோம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்து ஆய்வாளர்கள் 'ஸ்பார்க்கேட்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது நம் கேலரியில் இருக்கும் படங்களில் உள்ள எழுத்தைப் படித்து, தேவையானதைப் பொறுக்கி அனுப்பிவிடும். கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஸ்டோரிலும் இருந்த செயலிகளிலேயே அது ஒளிந்திருந்தது. படம் பிடித்தால் படமாகத்தானே இருக்கிறது, யார் படிக்கப் போகிறார்கள் என்ற சமாதானம் இனிச் செல்லாது. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்புகள் இன்னும் மோசம். அதை அமுக்கினால் ஓடிபியும் சேர்ந்து போய்விடும். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு வருவார்கள், அல்லது படமாக அனுப்புவார்கள். ஏபிகேயாக யாரும் கூப்பிடுவதில்லை.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வது, காண்டாக்ட் பட்டியலில் "எஸ்பி அண்ணாச்சி" என்று பெயர் போட்டு ஏடிஎம் பின் நம்பரைப் பத்து இலக்கமாக்கி ஒளித்து வைப்பது, இதெல்லாம் கேலரிக்கு அண்ணன் தம்பிகள். அந்த அண்ணாச்சி வித்தை எங்கள் ஓய்வூதியர் நண்பர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பாதிப் பேருக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியாதா?

பிறகு என் நோட்டைப் பற்றி. அட்டையில் 'பால் கணக்கு' என்று எழுதியிருக்கிறது. (இனி அதை மாற்ற வேண்டும்.) பத்திரங்களோடு பீரோவில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு. பாஸ்வேர்டு மாறினால் பழையதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, தேதி போட்டுக் கீழே புதியது. வருகைப் பதிவேட்டில் திருத்தம் செய்கிற பழக்கம், வேறொன்றுமில்லை.

ஆனால் அந்த நோட்டை நீங்கள் தூக்கிக்கொண்டு போனாலும் ஒன்றும் செய்ய முடியாது. எழுதியிருப்பது முழுப் பாஸ்வேர்டு இல்லை. எல்லாப் பாஸ்வேர்டுக்கும் கடைசியில் ஒரு சின்னச் சொல் சேர வேண்டும். அதை எங்கும் எழுதவில்லை. குழம்பு நோட்டில் இருக்கிறது, தாளிப்பு என் தலையில் இருக்கிறது. தாளிக்காத குழம்பை யாரும் சாப்பிட முடியாது.

"தலையில் இருக்கிறதே, நாளைக்குத் தலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் தாளிப்புச் சொல் அவளுக்கும் தெரியும். நோட்டு என்னிடம், அவள் வெளியூரில். இது பொதுத்தேர்வுப் பணியில் கற்றுக்கொண்டதுதான். வினாத்தாள் கட்டுகளைக் கட்டுக்காப்பு மையத்தில் இரட்டைப் பூட்டுப் போட்டு வைப்பார்கள். ஒரே ஆள் நினைத்தால் திறக்க முடியாது. தேர்வறையில் உறையைப் பிரிப்பதற்கு முன் முத்திரை உடையவில்லை என்று இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவோம், ஞாபகமிருக்கிறதா? ஆசிரியர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அப்படி வைக்கவில்லை. ஒருவர் மேலேயே முழுப் பொறுப்பும் இருந்தால், தப்பு நடக்காவிட்டாலும் பழி வந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏடிஎம் பின், யுபிஐ பின் இரண்டும் நோட்டுக்கு வரக் கூடாது. நாலோ ஆறோ இலக்கம், அதற்கு மூளை போதும். வீட்டுக்குள் கை நீள்கிற சொந்தம் எந்தக் குடும்பத்திலும் ஒன்று இருக்கத்தான் செய்யும். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அப்படி ஒன்று நடந்தால் வங்கியிடம் போய் நிற்கவும் முடியாது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை எங்கள் சங்கக் கூட்டத்தில் படித்தோம். நம் தவறு இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நாம் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பின்னையோ பாஸ்வேர்டையோ நாமே இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க நம் தலையில்தான். ஆகவே போனது தெரிந்த நிமிஷமே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் கூப்பிட வேண்டும். 1930-ஐ நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். பதற்றத்தில் அதுகூட மறந்துபோகும்.

நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது மின்னஞ்சல் பாஸ்வேர்டு. நம் ஆட்கள் இதைத்தான் அலட்சியமாக விடுவார்கள். "நான் எங்க டீச்சர் மெயில் பாக்கேன்?" என்பார்கள். நீ பார்க்காவிட்டாலும், மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்தாலும் புதிது வாங்குவதற்கான வழி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது சாவிக்கொத்து தொங்குகிற ஆணி. என் தம்பி மகளுக்கு ஆனதும் அதுதான். கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, 'பேக்கப் கோட்' என்று ஒன்று கேட்டால், எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். போன் அருவியோடு போனாலும், ஓடிபி வராவிட்டாலும், அதில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். பத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று தம்பியிடம் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் இதில் ஒரு வரியும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ராத்திரி சாப்பிட்டிருப்பாள்.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்? நம் ஊரில் பாதிப் பேருடையதை நானே சொல்லிவிடுவேன். மூத்த பிள்ளை பெயர், பிறந்த வருஷம். அல்லது குலசாமி பெயர், பின்னால் 123. முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவளுக்கு உங்கள் பெயரும் பிறந்த தேதியும் தெரியாதா? எனக்குத் தெரிவது முகநூலில் உங்கள் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு சொல்லை எடுங்கள். திண்ணை, பிச்சிப்பூ, டவுன்பஸ், சுக்கு என்கிற மாதிரி. (இதையே வைக்காதீர்கள், இது இப்போது ஊருக்கே தெரியும்.) ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நீளமாக இருக்கும், அடிக்கவும் எளிது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறியீடு, மாதாமாதம் மாற்று என்று நம்மைப் படுத்தியதற்கெல்லாம் மூலம் 2003-ல் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. ஓய்வுபெற்ற பிறகு, 2017-ல், அதில் பெரும்பகுதிக்காக வருத்தப்படுவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே நிறுவனமும் அந்த வருஷமே, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், நீளம்தான் முக்கியம் என்று விதியைத் திருத்திவிட்டது. ஓய்வுபெற்ற பின்னாவது தப்பை ஒத்துக்கொண்டாரே, அந்த மனுஷரை எனக்குப் பிடித்துவிட்டது. நானும் சிலரைத் தேவையில்லாமல் இம்போசிஷன் எழுத வைத்திருக்கிறேன்.

இப்போது மருமக்களுக்கு வருகிறேன். பாஸ்வேர்டு மேனேஜரை நான் எதிர்க்கவில்லை. உங்களுக்கு ஐம்பது அறுபது கணக்கு இருக்கிறது, நோட்டு தாங்காது. பிட்வார்டன், கீபாஸ் போன்றவை நல்லவை என்று நீங்களே சொன்னீர்கள், பயன்படுத்துங்கள். ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தால் போதும், மற்றதை அது பூட்டி வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறாக வைத்துத் தரும். ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்கிற நம் வியாதிக்கு அது நல்ல மருந்து. ஆனால் அதுவும் இரும்புக் கோட்டை இல்லை. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களையே பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய பாஸ்வேர்டை வலுவாக வைத்தவர்களுக்குப் பெட்டி போனாலும் பூட்டு நின்றது. 'ராஜா123' என்று வைத்தவர்களுக்கு?

எழுபத்தைந்து வயது அப்பாவுக்கு அதை ஏற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிப் போகிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். அவர் அந்தப் பெரிய பாஸ்வேர்டை எங்கே எழுதுவார்? காலண்டர் பின்னால். அதைவிட, லீவில் வரும்போது இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டை எடுத்து, அவர் கையாலேயே எழுத வையுங்கள். எந்தக் கணக்கு இருக்கிறது, எது தேவையில்லை என்று அப்போதுதான் உங்களுக்கும் தெரியும். என் மாணவன் ஒருவன் அப்படி உட்கார்ந்தபோது, அம்மா பெயரில் யாருமே நினைவில் வைத்திராத ஒரு ஆர்டி இருப்பது தெரியவந்தது.

இதில் ஒரு சங்கடமான பேச்சும் இருக்கிறது, தவிர்க்க முடியாது. ஒருவர் தவறிவிட்டால் அவருடைய பாஸ்வேர்டும் ஏடிஎம் அட்டையும் வாரிசுப் பத்திரம் ஆகிவிடாது. அப்பா இறந்த மறுநாளே "அக்கவுண்ட முடக்கிடுவாங்க, அதுக்குள்ள எடுத்திரு" என்று அட்டையோடு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துஷ்டி வீட்டிலேயே இதை யோசனையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் கூடப்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. இறந்த பிறகு வரவான ஓய்வூதியம் என்றால் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனதற்கு இப்படி எடுத்த நாற்பதாயிரம் ரூபாய் காரணமாக இருந்ததை நான் அறிவேன். அதற்கு வழி நாமினி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். போட்டுவிட்டு, எந்த வங்கி, எந்தக் கிளை, நாமினி யார் என்று நோட்டில் எழுதுங்கள். இந்த வரிகளுக்குப் பாஸ்வேர்டைவிட மதிப்பு அதிகம். பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி மாற்றிய பணம் சுமார் 35,000 கோடி ரூபாய். அதில் எத்தனை அப்பாக்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் போனதோ! அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேட, 2023 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளம் இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டுக்காரர் மட்டும் வைத்திருக்கிறார், "எல்லாம் அவுக பாத்துக்கிடுவாக" என்று எத்தனை பேர் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். சம்பளம் உன்னுடையது, கணக்கு உன் பெயரில், நுழைய வழி மட்டும் தெரியாது என்பது என்ன கணக்கு? சண்டை போடச் சொல்லவில்லை. நோட்டு எழுதும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். தம்பி வீட்டில் அன்று போனைத் தொலைத்தது அவன், தவித்தது மகள். அவளுடைய மின்னஞ்சல், அவளுடைய எதிர்காலம், அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பிரவுசிங் சென்டரிலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பம் போடுகிற பெற்றோர்களுக்கு: போடுங்கள், தப்பில்லை, நமக்கு அவர்கள் செய்கிற உதவி பெரியது. மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டைப் பிள்ளையே அடிக்கட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஏற்றிவிடுங்கள். ஏற்கெனவே அவர்கள் வைத்த பாஸ்வேர்டு என்றால் இன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள். என் தம்பி மகள் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே மாற்றினாள். சென்டர்க்காரரிடமும் சொன்னேன், நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள் அண்ணாச்சி என்று. கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்றார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது டிராயரில்தான் இருந்தது. சாவி டிராயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பியும் நோட்டுப் போட்டுவிட்டான். புதுப் போனை வாங்கியதும் சஞ்சார் சாத்தி தளத்தில் பழைய போனை முடக்கினோம். அதற்குப் போலீஸில் கொடுத்த புகாரின் நகல் வேண்டும், அதை வாங்கக் குற்றாலம் ஸ்டேஷனுக்கு இரண்டு நடை. இந்த ஆடிக்கும் மதுரைக்காரர்கள் வருகிறார்களாம். அருவிக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன். "சரிக்கா" என்கிறான். அவன் 'சரிக்கா' எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன முறை இப்படி ஒரு பதிவு போட்டபோது, "டீச்சர், இது வலுவா இருக்கா பாருங்க" என்று ஒருத்தி தன் பாஸ்வேர்டையே கீழே எழுதிவிட்டாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம் வாங்கியவள். இந்த முறை யாரும் எழுத வேண்டாம்.